பழைய ரோட்டில் தேங்கிய கானல்

தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற ஒரு சித்திரை மாதத்தில், முள்ளூரணிக்கு மேற்கே, வண்டி ஓடாத பழைய ரோட்டில் கானல் வந்து தேங்கியது. எப்போதும்போலத் தூரத்தில் மினுங்கிவிட்டு, கிட்டே போனால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பழிப்புக் காட்டுகிற கானல் இல்லை. கிட்டே போனாலும் விலகாத, கால் வைத்தால் கால் நனைகிற, கொலுசு போட்ட பிள்ளைகள் இறங்கினால் கொலுசுச் சத்தம் அமுங்கிப்போகிற ஈரம். நாலுவழிச் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனதிலிருந்து அந்த ரோட்டுக்கு வேலை இல்லை. வேலை இல்லாமல் கிடக்கிற இடத்தில் எது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள், அதற்கு மேல் யாரும் மலைக்கவில்லை.

முதலில் கண்டவள் இட்லிக்கடை வெள்ளத்தாயி. வத்தலுக்குக் காயப்போட்ட மிளகாய் ரோட்டைவிட்டு எழுந்து, செக்கச்செவேலென்று மீன்குஞ்சுக் கூட்டம் மாதிரி மிதந்து போவதைப் பார்த்தவள், "எந்தப் பயலே மோட்டார அமத்தாமப் போனவன்?" என்று ஊரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். மோட்டார் வைத்து இறைக்கிற அளவுக்கு ஒரு கிணற்றிலும் தண்ணீர் கிடையாது என்பது பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, மிளகாயை அள்ளி அள்ளிக் கரையில் போட்டாள். போட்ட மறுநிமிசமே அது காய்ந்து கலகலத்தது. "தண்ணியும் நல்ல தண்ணியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சட்னிக்கு அரைக்கப் போய்விட்டாள்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. விடிகாலையில் ரோடு ரோடாகவே கிடக்கும். வெயில் ஏற ஏற அது ஊறும், உச்சிப்பொழுதில் நெஞ்சளவுக்கு நிற்கும், மாடு திரும்புகிற நேரத்துக்கு வற்றி, விளக்கேற்றும்போது பழையபடி தாரும் சரளையும் மட்டும் இருக்கும். பஸ் வருகிற நேரம் மாதிரி ஊர் அந்த நேரத்தையும் பழகிக்கொண்டது. துவைக்க வந்தார்கள், குளிக்க வந்தார்கள், பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள், மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தடவி விற்கிறவன் ஒருவனும் வந்து சேர்ந்தான். நெடுஞ்சாலைத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, கரையில் நின்று வெகுநேரம் யோசித்து, 'ஆழமான பகுதி, எச்சரிக்கை' என்று ஒரு பலகை நட்டுவிட்டு, அவர்களும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒரு குறை. அதைக் குடிக்க முடியாது. குடித்தால் தாகம் கூடியது. வெள்ளத்தாயியின் எருமை ஒன்று ஆசையாய் இறங்கி, குடித்து, குடிக்கக் குடிக்க நாக்கு வறண்டு, இன்னும் குடித்து, வயிறு உப்பிக் கரையிலேயே சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மாடுகள் வருகிற பக்கமெல்லாம் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். "குளிக்கக் குடுத்த சாமிக்குக் குடிக்கக் குடுக்க மனசில்லையே" என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக்கிடப்பது மட்டும் மாறவில்லை.

அந்தக் கோடையில் சண்முகக்கனிக்கும் முனீஸ்வரிக்கும் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு, ஒரே கஞ்சிக் கும்பா. முனீஸ்வரியின் அம்மா அவள் சின்னப்பிள்ளையாய் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா சீனிச்சாமி கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறவர், புகையோடு போய்ப் புகையோடு வருகிறவர். அதனால் முனீஸ்வரி சாப்பிட்டதெல்லாம் கனியின் வீட்டில்தான், கனியின் கும்பாவில்தான். "ஒருத்தி வச்ச மிச்சத்த ஒருத்தி குடிச்சு, இதுகளுக்கு எது யாரு எச்சின்னே தெரியாமப் போச்சு" என்பாள் கனியின் அம்மா. பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் கனி நர்ஸ் படிப்புக்குத் தூத்துக்குடி போக வேண்டும். அதே நேரத்தில் திண்டுக்கல் பக்கத்து நூல்மில்லின் வேன் வந்து முனீஸ்வரியை ஏற்றிக்கொண்டு போகும். அங்கேயே தங்கி, அங்கேயே தின்று, தீபாவளிக்கு மட்டும் வீட்டுக்கு விடுவார்கள். இரண்டு பேருக்கும் இது தெரியும், இரண்டு பேரும் இதைப் பேசுவதில்லை. கனி லாரித் தண்ணீர் பிடித்துக் கொட்டிவிட்டும், முனீஸ்வரி அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும், உச்சிப்பொழுதுக்குப் பழைய ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். அங்கிருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டால், பொழுது போவது தெரியாது.

வைகாசி பிறந்த சமயத்தில் ஆடுகள் வந்தன. மேற்கேயிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து, சொட்டச் சொட்ட நனைந்த வெள்ளாட்டுக்குட்டிகள் நீந்தி வந்து கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு, மாங்காய்க்காரனின் கூடையில் வாய் வைத்தன. காதில் இந்தப் பக்கம் யாரும் போடாத அடையாளம் இருந்தது. வெள்ளத்தாயி அவற்றைப் பிடித்துக் கடைத் தூணில் கட்டினாள். மறுநாள் அவற்றைத் தேடிக்கொண்டு ஒரு பையன் வந்தான். பதினெட்டு வயது இருக்கும். தோளில் ஈரத்துண்டு, கையில் கம்பு.

"ஆடு ஏதும் வந்துச்சாக்கா?"

"வந்தது இருக்கட்டும். நீ எந்த ஊருடே?" என்றாள் வெள்ளத்தாயி.

"அக்கர."

"அக்கரன்னா? அந்தப் பக்கம் நாகலாபுரம்லா இருக்கு."

"அது ரோட்டுக்கு அந்தப் பக்கம்க்கா. நான் தண்ணிக்கு அந்தப் பக்கம்."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தி யோசித்தார்கள். ரோட்டுக்கு ஒரு அந்தப் பக்கம் இருந்தால் தண்ணீருக்கும் ஒரு அந்தப் பக்கம் இருக்கத்தானே வேண்டும் என்று அவர்களுக்குப் பட்டது. ஒரு பெரிசு மட்டும் விடாமல், "சரி, நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்.

"ஆடு மேய்க்கிற ஆளுக தாத்தா."

"அது தெரியுதுடே. அதுக்கு மேல?"

"அதுக்கு மேல மழதான்."

கடையே சிரித்தது, பெரிசும் சிரித்துவிட்டார். அவன் பெயர் தவசி. அவனுடைய ஊரில் மழை நிற்பதே இல்லையாம். தூறும், பெய்யும், மறுபடி தூறும். அடுப்பு பிடிக்காது, நெல் காயாது, உடுத்திய துணி உடம்பிலேயே பாசி பிடிக்கும். எப்போதாவது மேகம் விலகினால், தூரத்தில் வெயில் காய்கிற ஊர் ஒன்று வெளேரென்று தெரியும், கிட்டே போனால் இருக்காது. "எங்க ஆளுக உங்க ஊரத்தான் கானல்னு சொல்வாக" என்றான். "இந்த வருசம் ஆடு வந்துச்சு. ஆட்டுப் பின்னாலயே வந்தேன், ஊரு அப்படியே இருக்கு."

"நாங்க கானலாம்ல" என்று வெள்ளத்தாயி தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு, அவனுக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

அப்புறம் ஊர் அவனை விட்டுவிடுமா? தலைக்கு ஒரு குடமாய்க் கொடுத்து, உங்க ஊரு மழையைப் பிடித்துக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். அவனும் மனம் கோணாமல் பிடித்துத் தலையிலும் தோளிலுமாகச் சுமந்து வந்தான். இந்தக் கரையேறிப் பார்த்தால் குடத்துக்குள் ஈர வாசம் மட்டும் இருந்தது. பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை குடத்துக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்துக்கொண்டு, அதுவாவது கிடைத்ததே என்று போனார்கள். தவசிக்கும் இந்த ஊரில் ஒரு காரியம் இருந்தது. வீட்டுத் துணிகளை மூட்டையாய்க் கட்டிக் கொண்டுவந்து வேலிமுள்ளில் விரித்துக் காயப்போட்டான். அவன் அம்மாவின் சேலைகள், தங்கச்சியின் பாவாடை, தொட்டில்துணி.

"திரும்பித் தண்ணிக்குள்ள இறங்கினா நனைஞ்சிருமே, மண்டு" என்றாள் முனீஸ்வரி. அதுதான் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"நனைஞ்சிரும். ஆனா வெயில் வாசம் போகாது. எங்கம்மா அத மூஞ்சில வச்சிக்கிட்டுத்தான் தூங்குவா."

முனீஸ்வரி முள்ளில் மாட்டிக்கொண்ட ஒரு சேலை முந்தானையை, நூல் பிரியாமல், விரல் நுனியால் எடுத்துவிட்டாள். அதை எடுத்துவிட்ட விதத்திலேயே கனிக்கு விசயம் தெரிந்துவிட்டது. அவனுக்கும் அவளுக்கும் தெரிவதற்குச் சில நாட்கள் முன்னாலேயே கனிக்குத் தெரிந்துவிட்டது. கூடவே இருக்கிறவளுக்கு அப்படித்தான்.

அதற்குப் பிறகு பாலத்துச் சுவரில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் கனி, ஊர் பார்க்கிறதே என்பதற்காக. வெயில் என்றால் இவ்வளவு சுடுமா என்று தவசி ஒவ்வொரு நாளும் புதிதாக அதிசயப்பட்டான். உதடு வெடித்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "எங்க ஊர்ல இத யாரும் பாத்ததே இல்ல" என்று பெருமையாய்ச் சொன்னான். "இந்தப் பெருமய எங்க போய்ச் சொல்ல" என்று கனி தலையில் அடித்துக்கொண்டால், அவளைத் தாண்டி இரண்டு பக்கமும் சிரிப்பு ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக, தன்னைத் தாண்டிப் போகிற சிரிப்பில் தனக்குப் பங்கு குறைகிறது என்று கனிக்குத் தெரிந்தது. மாங்காய்க் கீற்றை முனீஸ்வரி பாதி கடித்துவிட்டுத் தன் வழக்கப்படி நீட்டுவாள். கனி கை நீட்டுவாள். மறு பக்கத்திலிருந்தும் ஒரு கை நீண்டிருக்கும். கனி தன் கையை எடுத்துக்கொள்வாள். அதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"மழ பேஞ்சா என்னாகும்?" என்று ஒருநாள் முனீஸ்வரி கேட்டாள்.

தவசி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்க பக்கம் மழ விழுந்துட்டா கானல் ஏது? வழி அடைஞ்சிரும். நீங்க நீங்களா இருப்பீக, நாங்க நாங்களா இருப்போம்."

அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் கிழக்கே மேகம் கருக்கிறதா என்று பார்த்தபோது, முனீஸ்வரி ஒருத்தி மட்டும் கருத்துவிடக் கூடாதே என்று பார்த்தாள். கனிக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. அவள் வீட்டுக் கன்றுக்குட்டி மடி வற்றிய மாட்டை முட்டி முட்டிச் செத்துப்போயிருந்தது. லாரி வாரத்துக்கு ஒருதரம் என்றாகி, பிறகு வரும் என்றாகி, பிறகு யாரும் வரும் என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா இரவுச் சோற்றுக்கு உலை வைக்கும்போது குடத்தைச் சாய்த்துச் சாய்த்து, அடியில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கனி படுத்திருந்தாள்.

கத்திரி வெயில் முடியப்போகிற சமயத்தில் வெள்ளத்தாயி கடையைச் சாத்திவிட்டு வந்து, "இனிமே பொறுத்தா ஆகாது, மழச்சோறு எடுப்போம்" என்றாள்.

மழைச்சோறு பெண்களின் காரியம். அன்றைக்கு ஆண்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும், முதல் தூறல் விழாமல் வெளியே தலை காட்டக் கூடாது. பெண்கள் வீடுவீடாய்ப் போய் உப்பில்லாத சோறு பிச்சை வாங்கி, ஒன்றாய்க் கொட்டிப் பிசைந்து, ஆளுக்கு ஒரு கை தின்று, மாரடித்து அழுவார்கள். பிறகு மூட்டைமுடிச்சு, உடைந்த பானை, முறம் எல்லாம் தூக்கிக்கொண்டு, மழையில்லாத ஊரில் எங்களுக்கு என்ன சோலி, பரதேசம் போகிறோம் என்று சொல்லிப் பழைய ரோட்டில் மேற்கே நடப்பார்கள். எல்லைக்கல்லைத் தாண்டியதும், பின்னால் செம்பில் தண்ணீரோடு நிற்கிறவர்கள் தங்கள் தங்கள் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்: மழை வருது, வீட்டுக்கு வா. கூப்பிட்டதும் திரும்பி வருகிறவளின் காலில் தண்ணீர் ஊற்றி அழைத்துக்கொண்டு போவார்கள். ஊரே காலியாகிறதே என்று வானத்துக்கு வெட்கம் வந்து பெய்யும் என்பது நம்பிக்கை. கூப்பிடுகிறவள் அதே வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும், அல்லது ஒரே கும்பாவில் குடித்தவளாக. கூப்பிடாமல் யாரும் தானாகத் திரும்பக் கூடாது, திரும்பினால் வருகிற மழையும் திரும்பிவிடும். கூப்பிடாமல் விடப்பட்டவள் என்று முள்ளூரணியில் இதுவரை ஒருத்தியும் இருந்ததில்லை. ஆகையால் அப்படி ஒருத்திக்கு என்ன ஆகும் என்பதும் யாருக்கும் தெரியாது.

"முனீசு மூட்ட தூக்கட்டும், கனி கூப்பிடட்டும்" என்று வெள்ளத்தாயி அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். அதை மறுக்க யாருக்கும் ஒரு காரணமும் இல்லை.

மறுநாள் தவசி ஆடுகளைத் தேடிப் போயிருந்த நேரம் பார்த்து, முனீஸ்வரி பாலத்துச் சுவரில் கனியின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, நீ என்னக் கூப்பிடாத."

"என்னது?"

"கல்லத் தாண்டினா தண்ணி. நான் அப்படியே போயிருதேன்."

கனி சிரித்தாள். முனீஸ்வரி சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "கோட்டி பிடிச்சிருச்சா உனக்கு? ஒரு சேல காய மாட்டேங்குதுன்னு அவனே இங்க வந்து கெடக்கான். நீ அங்க போய் என்ன செய்வ?"

"நனைவேன்."

"மழ விழுந்தா வழி அடைஞ்சிரும்னு அவனே சொன்னான்லா. அப்புறம் வர முடியாதுட்டி."

"மில்லு வேன்ல ஏறினா மட்டும் வர முடியுமா?"

"தீவாளிக்கு விடுவாக."

"தீவாளிக்கு" என்று முனீஸ்வரி திருப்பிச் சொன்னாள்.

"அப்போ மில்லுக்குப் பயந்து ஓடுத."

முனீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. "மில்லுக்குப் பயந்தா உன்கூடத் தூத்துக்குடிக்கு ஓடி வந்திருப்பேன். உன் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டிருப்பேன். அவன எனக்குப் பிடிச்சிருக்கு. இதுக்கும் ஒரு காரணம் வேணுமா?"

"எனக்கு உன்னப் பிடிக்குமே. அது காரணம் இல்லையா?"

காற்று ஆடவில்லை. வேலியில் விரித்திருந்த தொட்டில்துணி மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. முனீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அதனாலதாம்ட்டி உங்கிட்ட சொல்லுதேன். எங்கய்யா கூப்பிட்டாக்கூட நெஞ்சக் கல்லாக்கிக்கிட்டுப் போயிருவேன். நீ கூப்பிட்டா என் காலு திரும்பிரும். அத மீறி நடக்க எனக்குத் தெரியாது."

"அப்போ கூப்பிடுவேன்" என்றாள் கனி. எழுந்தாள். "தொண்ட கிழியக் கூப்பிடுவேன். பாரு."

திரும்பிப் பார்க்காமல் ஊருக்குள் வந்தவள், அன்றும் மறுநாளும் பழைய ரோட்டுப் பக்கம் போகவில்லை. முனீஸ்வரியும் சாப்பிட வரவில்லை. கும்பாவில் கனி வைத்த மிச்சம் அப்படியே இருந்தது. "என்னட்டி, சண்டையா?" என்று கேட்ட அம்மா, அதை எடுத்துத் தானே குடித்துவிட்டாள்.

மழைச்சோற்றன்று வானம் வெறும் வெண்கலத் தட்டாய்க் கிடந்தது. ஆண்களெல்லாம் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்கள். பெண்கள் சோறு வாங்கினார்கள், பிசைந்தார்கள், தின்றார்கள். உப்பில்லாத சோறு தொண்டையில் இறங்காமல் நின்றது. அழுவதற்கு யாரும் சிரமப்படவில்லை. செத்த மாட்டுக்கு ஒருத்தி அழுதாள், பால் வற்றியதற்கு ஒருத்தி அழுதாள், எல்லோரும் அழுகிறார்களே என்று எப்போதோ போன புருசனுக்கு ஒருத்தி அழுதாள். முனீஸ்வரி பள்ளிக்கூடத்துத் தாவணியைக் கட்டியிருந்தாள். தலையில் சின்ன மூட்டை. கனியின் முகத்தைப் பார்க்காமல், ஆனால் அவள் நிற்கிற பக்கமாகவே, ஒரு உருண்டைச் சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை நீட்டினாள். கனி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு நடை. பானையும் முறமும் தூக்கிய பெண்கள் முன்னால், செம்பு ஏந்திய பெண்கள் பின்னால், பரதேசம் போறோம் பரதேசம் போறோம் என்று ராகம் இழுத்துக்கொண்டு, சுடுகிற தாரில் கால் மாற்றி மாற்றி வைத்து, உச்சிப்பொழுதில், தண்ணீர் நெஞ்சளவு நிற்கிற நேரத்தில், எல்லைக்கல்லுக்கு வந்தார்கள். மூட்டை தூக்கியவர்கள் கல்லைத் தாண்டினார்கள். உடனே பின்னால் கூப்பாடு கிளம்பியது. அக்காளை, மதினியை, மருமகளை, பெற்ற மகளை, ஒருத்தி குரல் மேல் இன்னொருத்தி குரல் ஏறி, எல்லாப் பெயரும் ஒரே பெயராய்க் கலந்து, மழை வருது வீட்டுக்கு வா, மழை வருது வீட்டுக்கு வா என்று வானம் அதிரக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியாய்த் திரும்பினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், காலில் தண்ணீர் வாங்கினாள்.

கனி செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடத்தான் வந்திருந்தாள். சத்தியமாய்க் கூப்பிடத்தான் வந்திருந்தாள். மூச்சை இழுத்து நெஞ்சில் நிறைத்துக்கொண்டாள், பெயரின் முதலெழுத்துக்கு உதட்டைக்கூடச் சேர்த்துவிட்டாள். முன்னே முனீஸ்வரி போய்க்கொண்டிருந்தாள். தலைமூட்டையை ஒரு கை பிடித்திருந்தது, இன்னொரு கை சும்மா தொங்கியது. நினைத்திருந்தால் மூட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கலாம். அவள் பொத்தவில்லை. காதைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்போதும் நடக்கிற நடையில்தான் நடந்தாள். அந்தத் திறந்த காதைப் பார்த்ததும் கனிக்குச் சேர்த்த உதடு பிரியவில்லை.

முழங்கால் ஆழத்தில் முனீஸ்வரி நின்றாள். திரும்பவில்லை. நின்றாள்.

தூரத்தில், தண்ணீர் வெள்ளையாய்க் கண்ணைக் கூசவைக்கிற இடத்தில், ஒரு தலை தெரிந்தது, மேலே தூக்கிய ஒரு கம்பு தெரிந்தது. முனீஸ்வரி அந்தப் பக்கமும் அசையாமல், இந்தப் பக்கமும் அசையாமல், கூப்பாடுகள் ஒவ்வொன்றாய் அடங்குகிற வரைக்கும் நின்றாள். விடைபெறுவதற்காக நின்றாளா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கூப்பிட்டுவிடமாட்டாளா என்று நின்றாளா, அது கனிக்குத் தெரியவில்லை. ஒரே கும்பாவில் குடித்தவளுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும். கனி பல்லைக் கடித்துக்கொண்டு, செம்பை மார்போடு அழுத்திக்கொண்டு, அந்த முதுகையே பார்த்தாள். பிறகு அந்த முதுகு நகர்ந்தது. இடுப்பளவு, நெஞ்சளவு, மூட்டை மட்டும், பிறகு மினுக்கம் மட்டும்.

அப்போதுதான் மண் வாசம் வந்தது. முதலில் அதை யாரும் நம்பவில்லை. இத்தனை வருசமும் போகிறதுபோலப் போய்த் திரும்பித்தான் பழக்கம், ஏதோ நாலு தூறல் விழும், சில வருசம் அதுவும் விழாது. இந்த வருசம் ஒருத்தி போகவே போய்விட்டாள் என்பது வானத்துக்கு மட்டும் தெரிந்தது. கிழக்கே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கருத்துத் திரண்டு வந்து, பெரிய பெரிய சொட்டாய், தாரில் பட்டால் சுள்ளென்று ஆவி பறக்க, அடுத்த சொட்டுக்கு ஆவி அடங்க, மழை இறங்கியது. பழைய ரோட்டின் தண்ணீர் ஒரு தடவை சிலிர்த்தது. அதன்மேல் சொட்டு விழ விழ அது சேலை மடிப்பதுபோல மடிந்து மடிந்து சுருங்கி, இருந்த இடத்தில் கருத்த ரோடும், நடுக்கோட்டின் அழிந்த வெள்ளையும், எச்சரிக்கைப் பலகையும் நின்றன.

பெண்கள் வாயைத் திறந்து அண்ணாந்து குடித்தார்கள். குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கியது. வெள்ளத்தாயி பானையைத் தலைகீழாய்க் கவிழ்த்துத் தாளம் போட்டாள், குலவை எழுந்தது, ஒருத்தியை ஒருத்தி பிடித்துச் சுற்றினார்கள். யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கனியின் செம்பில் இருந்த தண்ணீரில் மழை விழுந்து வழிந்தது.

முதல் தூறலோடு ஆண்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசியாய், சீனிச்சாமி வந்தார். எரிந்துகொண்டிருந்த கரிமூட்டம் மழையில் அவிந்து வீணாய்ப்போயிருக்கும். அந்தப் பக்கம் போகாமல் நேரே இங்கே வந்திருந்தார். கரிச்சாக்கு ஒன்றைக் கொங்காணியாய் மடித்துத் தலையில் போட்டிருந்தார். அதேபோல மடித்த இன்னொரு சாக்கு, நனையாமல், அவர் கக்கத்தில் இருந்தது.

"எங்க தாயி எம்மக?" என்று கனியைக் கேட்டார். "காய்ச்சல் வந்த உடம்பு. நனையக் கூடாது."

கனி மேற்கே பார்த்தாள். அவரும் பார்த்தார். ரோடு பாலத்தைத் தாண்டி, மழைக்குள், கண்ணுக்கெட்டுகிற தூரம் வரைக்கும் வெறும் ரோடாய்ப் போனது. சீனிச்சாமி விவரம் தெரிந்த மனிதர். வேலியில் யாருடைய துணிகளோ காய்ந்ததை அவரும் பார்த்திருக்கிறார், மகள் கொண்டுவந்த கஞ்சி நாளுக்கு நாள் ஆறிப்போய் வந்ததையும் பார்த்திருக்கிறார். அவர் கனியின் பக்கம் திரும்பினார்.

"கூப்பிட்டியா தாயி?"

கனியின் உதடு அப்போதும் பிரியவில்லை. தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள்.

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. கக்கத்திலிருந்த சாக்கை எடுத்து, உதறி, கனியின் தலையில் போட்டு, நாடியருகே இழுத்துச் சேர்த்துவிட்டார். கரிச்சாக்கு நனைந்து, கருப்புத் தண்ணீர் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் கோடு கோடாய் இறங்கியது. சீனிச்சாமி எல்லைக்கல் வரைக்கும் நடந்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். ஆண்பிள்ளை கூப்பிடுகிற வழக்கம் முள்ளூரணியில் இல்லை. ஆனாலும் அவர் கூப்பிட்டார்.

"முனீசு... மழ வருதும்மா... வீட்டுக்கு வா..."

புகை குடித்த தொண்டை. இரண்டாம் தடவை குரல் பாதியில் உடைந்து நின்றது. அந்த உடைந்த இடத்திலிருந்து கனி எடுத்தாள். முதலில் காற்று மட்டும்தான் வந்தது, பிறகு பெயர் வந்தது, பிறகு தொண்டை கிழிய வந்தது. மழ வருதுட்டி, வீட்டுக்கு வா, மழ வருதுட்டி, வீட்டுக்கு வா. சத்தம் மழைக்குள் போய் அங்கேயே நனைந்து விழுந்தது. பின்னால் நின்ற ஊர், அப்பனும் பிள்ளையும்போல இரண்டு பேர் மழையைப் பார்த்துச் சந்தோசத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கூப்பாட்டுக்குமேல் குலவையிட்டது.